கல்லூரி வளாகத்தின் கார்பன் கணக்கு: எங்கே தொடங்குவது, எதை ஈடு செய்வது?

கேள்வி: டர்பன் லேப்காரன்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தனியார் கல்லூரியில் லேப் பொறுப்பில் இருக்கிறேன். போன ஆண்டறிக்கையில் நிர்வாகம் "2030க்குள் கார்பன் சமநிலை" (வெளியிடும் கார்பனைக் குறைத்து, மீதியை வேறிடத்தில் ஈடு செய்து, நிகரக் கணக்கைப் பூஜ்ஜியமாக்குவது) என்று ஒரு வரி போட்டுவிட்டது. போட்டவர்களில் ஒருவருக்கும் கல்லூரி இப்போது எவ்வளவு வெளியிடுகிறது என்று தெரியாது, கெமிஸ்ட்ரி படித்தவன் என்பதால் கணக்கு என் தலையில் விழுந்திருக்கிறது.

கையில் இருப்பவை: மாநகராட்சி மின் பில்கள் (ஆண்டுக்கு ஏறக்குறைய 9 லட்சம் யூனிட்), ஜெனரேட்டர் டீசல் ரசீதுகள், கேன்டீன் கேஸ் சிலிண்டர் கணக்கு, ஏசி மெக்கானிக் கொடுத்த பில்கள். விடுதி ஒன்று உண்டு. மற்ற பிள்ளைகள் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், உம்லாசி பக்கமிருந்து பெரும்பாலும் மினிபஸ் டாக்ஸியில் வருகிறார்கள்.

எந்த ஆண்டை அடிப்படையாக வைப்பது? மாணவர்கள் வந்து போவதையும் சேர்க்க வேண்டுமா? அப்புறம் பிரின்சிபாலுக்கு ஒரு ஆசை: செப்டம்பர் மரம் நடும் வாரத்தில் ஆயிரம் கன்று நட்டு, "ஈடு செய்துவிட்டோம்" என்று வாசலில் பலகை வைக்க வேண்டுமாம். அது எடுபடுமா?

பதில்: ஜோபர்க் மீட்டர்

எனர்ஜி ஆடிட்தான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மின்சாரத்தை முடியுங்கள். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி ம்பூமலாங்கா நிலக்கரியில் இருந்து வருவதால் யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. துல்லியமான காரணியை (யூனிட்டுக்கு எத்தனை கிலோ என்ற எண்ணை) அரசு மின் நிறுவனமான எஸ்காம் தன் அறிக்கையில் ஆண்டுதோறும் தருகிறது, அதை எடுத்துப் போடுங்கள். ஆக உங்கள் 9 லட்சம் யூனிட் என்பது 900 டன், கால்குலேட்டர் கூட வேண்டாம். கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்கு 2007ஆம் ஆண்டைக் கணக்கிட்டபோது மொத்தம் ஏறக்குறைய 83,400 டன் வந்தது, மாணவர் ஒருவருக்கு 4 டன், அதில் 80 சதவீதம் மின்சாரம் மட்டுமே. உங்கள் இடம் சின்னதுதான், ஆனால் எது பெரிய தலை என்பது மாறப்போவதில்லை.

அடிப்படை ஆண்டில்தான் டர்பன்காரர்களுக்குச் சிக்கல். 2020 லாக்டவுன், 2021 ஜூலையில் கலவரம், 2022 ஏப்ரலில் வெள்ளம், 2023இல் கிட்டத்தட்ட ஆண்டு முழுக்க லோட் ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு. 2023ஐ வைத்தீர்கள் என்றால் அந்த ஆண்டு டீசல் எக்கச்சக்கமாக இருக்கும், அடுத்த ஆண்டு அது தானாகவே இறங்கும், கல்லூரி ஒரு பல்பைக்கூட மாற்றாமல் "குறைத்துக் காட்டினோம்" என்று கைதட்டு வாங்கிக்கொள்ளும். 2024 மார்ச் கடைசியில் நின்ற லோட் ஷெடிங் அந்த ஆண்டு முடியும்வரை திரும்பவில்லை, அதனால் 2024 பரவாயில்லை. பில்லில் சில மாதம் மீட்டர் பார்க்காமல் மதிப்பீடாகப் போட்டிருக்கலாம். அந்த மாதங்களை நம்பாதீர்கள், உண்மையாகப் பார்த்த இரண்டு ரீடிங்கை எடுத்துக் கழியுங்கள்.

டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ, எல்பிஜி கிலோவுக்கு 3 கிலோ. அது ரசீதைக் கூட்டுகிற வேலை, அவ்வளவுதான்.

பலர் கோட்டைவிடுவது ஏசியில். ஆர்-410ஏ கேஸ் ஒரு கிலோ கசிந்தால் அது இரண்டு டன்னுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பத்து கிலோ போனால் ஏறக்குறைய 8,000 லிட்டர் டீசல் எரித்த மாதிரி, சத்தமும் இல்லை புகையும் இல்லை. மெக்கானிக் பில்லில் "கேஸ் நிரப்பியது" என்று மட்டும் எழுதி ஒரு தொகை போட்டிருப்பார், எந்த கேஸ், எத்தனை கிலோ என்று இனிமேல் எழுதித் தரச் சொல்லுங்கள், அது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பழைய ஆர்-22 மெஷின் இருந்தால் அது ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் வருவது, ஸ்கோப் 1 (நாமே எரிப்பது, கசியவிடுவது), ஸ்கோப் 2 (வாங்கும் மின்சாரம்), ஸ்கோப் 3 (மற்ற மறைமுக உமிழ்வு) என்ற மூன்று பிரிவுகளில் சேர்க்காமல் தனி வரியாகக் காட்டுவது வழக்கம்.

மாணவர்கள் வந்து போவது ஸ்கோப் 3. கட்டாயம் இல்லை, ஆனாலும் சேருங்கள். ஒரு நாள் வகுப்பிலேயே தாள் கொடுத்துக் கேட்டால் போதும்: எங்கிருந்து, எதில், வாரத்துக்கு எத்தனை நாள். லிட்டருக்கு 2.3 கிலோ பெட்ரோல் கணக்கில், ஒருவர் மட்டும் ஓட்டி வரும் கார் கிலோமீட்டருக்கு 180 கிராம் தாண்டும்; நிறைந்து வரும் மினிபஸ்ஸில் ஆளுக்கு 20 கிராம் கூட வராது. பிள்ளைகள் அல்ல, ஸ்டாஃப் கார் பார்க்கிங்தான் அந்தப் பகுதியின் கனம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும், லெக்சரர்கள் முகம் சுளிப்பார்கள், தயாராக இருங்கள்.

பதில்: டேபிள் மலை

இத்தனை சுற்று எதற்கு? காற்றாலை, சோலார்காரர்களிடம் புதுப்பிக்கத்தக்க மின் சான்றிதழ் 9 லட்சம் யூனிட்டுக்கு வாங்கிவிட்டால் ஸ்கோப் 2 பூஜ்ஜியம். பெரிய கம்பெனிகள் எல்லாம் இதைத்தான் செய்கின்றன. 2030 வரை காத்திருக்கவே வேண்டாம்.

பதில்: ஜோபர்க் மீட்டர்

வாங்கலாம், தப்பில்லை. ஆனால் உமிழ்வுக் கணக்குக்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் விதிமுறையான ஜிஹெச்ஜி புரோட்டோகால் 2015இல் கொண்டுவந்த வழிகாட்டுதல்படி ஸ்கோப் 2ஐ இரண்டு விதமாகவும் எழுத வேண்டும்: இருக்கும் இடத்து கிரிட்டை வைத்து ஒன்று, வாங்கிய சான்றிதழை வைத்து ஒன்று. முதல் வரியில் 900 டன் அப்படியே நிற்கும். பிரின்சிபால் இரண்டாவது வரியை மட்டும் பலகையில் எழுதுவார், அதைத் தடுப்பது உங்கள் சாமர்த்தியம்.

பதில்: வெரூலம் பெரியவர்

தம்பி, மரம் நடுவதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நிழலுக்கு நடுங்கள், குருவிக்கு நடுங்கள். ஆனால் நன்றாக வளரும் மரம் ஒன்று ஆண்டுக்குப் பத்திருபது கிலோ இழுத்தாலே பெரிது. பதினைந்து என்று வைத்தால் ஆயிரம் மரத்துக்கு 15 டன், அதுவும் இந்த செப்டம்பரில் நட்ட கன்று இந்த வருஷமே இழுக்காது, வேர் பிடித்துப் பல வருஷம் கழித்து. 900 டன்னுக்கு எதிரே 15 டன். பலகையை எழுதும் பெயின்டர்கூடச் சிரிப்பான்.

முறையாகச் செய்ததைப் பார்க்க வேண்டுமானால் பிள்ளைகளை பஃபெல்ஸ்ட்ராய்க்குக் கூட்டி வாருங்கள், எங்கள் ஊருக்குப் பக்கம்தான். குப்பைக் கிடங்கைச் சுற்றி முன்பு கரும்பு விளைந்த நிலம். 2008இல் மாநகராட்சி அங்கே நாட்டு மரங்களாக நட ஆரம்பித்தது, 2010 உலகக் கோப்பை கால்பந்தில் டர்பன் பங்குக்கு வந்த உமிழ்வை ஈடு செய்ய. எனக்குப் பிடித்தது என்னவென்றால் கன்றுகளைப் பெரிய நர்சரியில் வாங்கவில்லை. சுற்றுவட்டாரத்து ஜனங்கள், பெரும்பாலும் வேலை இல்லாதவர்கள், விதை பொறுக்கி வீட்டு முற்றத்தில் வளர்த்துக் கொடுத்துவிட்டு அரிசி பருப்பு, வீடு கட்டும் சாமான், பள்ளிக் கட்டணம் என்று மாற்றிக்கொண்டார்கள். எங்கள் பாட்டன்மார் கரும்புக்காகக் காட்டை வெட்டினார்கள், அதே கரும்பு நிலத்தில் இப்போது காடு. நூற்றுக்கணக்கான ஹெக்டேர், வருஷக்கணக்கில் களை எடுப்பு, தீத்தடுப்பு, அளவெடுப்பு. கல்லூரி முற்றத்தில் ஒரு வாரத்தில் முடிகிற வேலையா இது?

பதில்: கிளேர் எஸ்டேட் பொண்ணு

கார்பன் கிரெடிட் (வேறிடத்தில் ஒரு டன் குறைத்ததற்கான சான்று) வாங்கப் போகிறீர்கள் என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எங்கள் பகுதிக் கதையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிசாசர் ரோடு குப்பைக் கிடங்கை 1980இல் நம் ஜனங்கள் குடியிருக்கும் இடத்தில் கொண்டுவந்து திறந்தார்கள், அப்போது யாரைக் கேட்கப் போகிறார்கள். பிறகு கியோட்டோ பருவநிலை ஒப்பந்தக் காலத்தில் அங்கே வரும் மீத்தேனை எரித்து மின்சாரம் எடுத்து கார்பன் கிரெடிட் விற்கும் திட்டம் வந்தது. கணக்குப்படி நல்ல திட்டம்தான், மீத்தேன் கார்பன் டை ஆக்சைடை விட இருபத்தைந்து மடங்குக்கு மேல் சூடேற்றும் வாயு. ஆனால் எதிரே குடியிருந்த சஜிதா கான் அக்கா கேட்டது வேறு: கேஸ் காசாகிவிட்டால் இந்தக் கிடங்கை மூடுவார்களா? புற்றுநோயோடு போராடிக்கொண்டே அதையும் எதிர்த்தார், கிரெடிட்டை வாங்க இருந்த உலக வங்கி அந்த இடத்தை விட்டு விலகியது, 2007இல் அவர் காலமானார். அதன் பிறகும் திட்டம் நடந்தது.

எனவே ஒரு டன் என்றால் ஒரு டன் என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வராது. கிரெடிட்டைச் சரிபார்த்துச் சான்று தரும் வெரா, கோல்டு ஸ்டாண்டர்டு என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள், மறுபடி விற்க முடியாதபடி உங்கள் பெயரில் கிரெடிட்டை ரத்து செய்த வரிசை எண் கேளுங்கள், அப்புறம் அந்த ஊரில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். மூன்றாவதை யாரும் செய்வதில்லை.

பதில்: டர்பன் லேப்காரன்

எல்லோருக்கும் நன்றி. பெரியவரே, பஃபெல்ஸ்ட்ராய்க்கு ஒரு வகுப்பைக் கட்டாயம் கூட்டி வருகிறேன். மரப் பலகை யோசனையை நிர்வாகத்திடம் எப்படிக் கைவிடச் சொல்வது என்று யோசிக்கிறேன். இன்னொரு சந்தேகம்: கிரெடிட் என்ன விலை? வாங்கிவிடலாம் என்பதற்காக இல்லை, மீட்டிங்கில் கட்டாயம் கேட்பார்கள்.

பதில்: ஜோபர்க் மீட்டர்

உள்நாட்டு கிரெடிட்டுக்குக் கார்பன் வரிதான் அளவுகோல், 2019 ஜூனில் டன்னுக்கு 120 ராண்டில் தொடங்கி 2025இல் 236 ராண்ட். வரி கட்டுகிற கம்பெனிகள் கிரெடிட்டைக் கொடுத்து வரியில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அதற்குக் கொஞ்சம் கீழே பேரம் பேசும். உங்கள் கல்லூரி வரிக்குள் வராது, ஜெனரேட்டர் மாதிரி எரிபொருள் எரிப்புக்கு 10 மெகாவாட் வெப்பத் திறன் வரம்பு, அதற்குக் கீழே இருந்தால் வரி இல்லை, அதனால் நீங்கள் வாங்குவது முழுக்க விருப்பத்தின் பேரில்.

900 டன்னை 236ஆல் பெருக்கினால் 2 லட்சத்துச் சொச்சம் ராண்ட். யூனிட்டுக்கு 2 ராண்ட் என்று பார்த்தாலும் உங்கள் மின் பில் 18 லட்சம். பில்லில் ஒன்பதில் ஒரு பங்கைக் கொடுத்து "சமநிலை" என்று எழுதிக்கொள்ளலாம் என்று தெரிந்தால் எந்த ட்ரஸ்டியும் அதைத்தான் கேட்பார். அதனால் இந்த விலையை மீட்டிங்கில் முதலில் சொல்லாதீர்கள். முதலில் சொல்ல வேண்டியது விடுதிக் கீசர். பழைய எலிமென்ட் கீசருக்குப் பதில் காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வைத்தால் அதே வெந்நீருக்கு மூன்றில் ஒரு பங்கு யூனிட் போதும். கூரையில் 100 கிலோவாட் சோலார் போட்டால் டர்பன் வெயிலுக்கு ஆண்டுக்கு 1.4 லட்சம் யூனிட் கிடைக்கும், அதாவது 140 டன் குறையும், பில்லும் இறங்கும். ஈடு என்பது இதெல்லாம் செய்த பிறகு எஞ்சுவதற்குத்தான்.

சொல்லும்போது எண் கையில் இருக்க வேண்டும். கீசர் லைனுக்குத் தனியாக ஒரு மீட்டர் மாட்டி, டெர்ம் நடக்கும்போது ஒரு மாதம், லீவில் ஒரு மாதம் ஓடவிட்டு அந்த ரீடிங்கை இங்கே போடுங்கள், பம்ப் சைஸ் பார்த்துச் சொல்கிறேன்.