கோலா விலங்குக்குக் கிளமிடியா தடுப்பூசி வந்துவிட்டது, மனிதனுக்கு ஏன் இன்னும் இல்லை?

நுண்ணுயிரியல் மாணவி:
செமினாருக்குக் கிளமிடியா (மனிதரிடம் உடலுறவில் பரவும் பாக்டீரியாத் தொற்று) தலைப்பை எடுத்துவிட்டு முழித்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் எலிக்குப் போட்டோம், நன்றாக வேலை செய்தது என்றுதான் முடிகிறது. 2025 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் கோலாவுக்கே அனுமதி கொடுத்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் மட்டும் சுமார் 12.9 கோடிப் புதிய தொற்றுகள், ஆனாலும் மனிதனுக்கு ஒன்றும் இல்லை. காசு போட ஆள் இல்லையா, அறிவியலே இடிக்கிறதா?

ஆய்வகப் பூனை:
காசும் ஒரு காரணம்தான், ஆனால் இடிப்பது எலியிலேயே ஆரம்பிக்கிறது. நீங்கள் படித்ததில் எந்தக் கிளமிடியாவை வைத்துச் செய்தார்கள் என்று திரும்பப் பாருங்கள். பல கட்டுரைகளில் அது மனிதனுக்கு வரும் டிரக்கோமாட்டிஸ் இல்லை, எலியில் கண்டுபிடித்த மியூரிடாரம். முதலில் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் ஊசி போட்டு எலியின் இனப்பெருக்கச் சுழற்சியை நிறுத்தி வைத்துவிட்டு, அப்புறம்தான் கிருமியைப் பிறப்புறுப்பில் விடுவார்கள். நாலு வாரம் போல ஆனால் எலியே அதைத் துரத்திவிடும், மறுபடி விட்டாலும் பெரிதாக ஒட்டாது. பெண்களுக்கோ சிகிச்சை இல்லையென்றால் மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு வருடம் தாண்டியும் இருக்கும், மருந்தில் போனாலும் திரும்பத் தொற்றும். எலி எப்படியும் ஜெயிக்கிற ஆட்டத்தில் தடுப்பூசி ஜெயித்தது என்றால் நான் பாதிதான் நம்புவேன்.

சரி, மனிதக் கிருமியையே எலிக்குக் கொடுத்தால் என்ன? அதுவும் செய்கிறார்கள், அங்கே வேறு சிக்கல். இரண்டு உடம்பிலும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் சக்தி செல்கள் விடுகிற இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம்தான் முக்கிய ஆயுதம், ஆனால் அது வேலை செய்யும் விதம் வேறு. மனித செல்லில் அது டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தை உடைத்துக் காலி செய்து கிருமியைப் பட்டினி போடும். பிறப்புறுப்பைத் தாக்கும் டிரக்கோமாட்டிஸ் வகைகள் இதற்கும் வழி வைத்திருக்கின்றன: அக்கம்பக்கத்து பாக்டீரியாக்கள் வெளியே விடும் இண்டோல் என்ற பொருளை எடுத்து டிரிப்டோபனைத் தாங்களே செய்துகொள்ளும். எலி செல்லிலோ ஐஆர்ஜி என்ற புரதங்கள், கிருமி ஒளிந்திருக்கும் பையையே போய்த் தாக்கும். மனிதக் கிருமிக்கு அதைச் சமாளிக்கத் தெரியாது, மியூரிடாரத்துக்குத் தெரியும். ஆக எந்தக் கிருமியை விட்டாலும் நம் உடம்பில் நடக்கும் சண்டையை எலிக்குள் அப்படியே பார்க்க முடியாது.

கால்நடை டாக்டர்:
கோலா கதை வேறு. அங்கே கிருமி பெகோரம் என்ற வேறு கிளமிடியா, கண் குருடாகும், சிறுநீர்ப்பை புண்ணாகும், பெண் கோலா மலடாகும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் யூகலிப்டஸ் இலையைச் செரிக்க வைக்கும் குடல் பாக்டீரியாக்களும் சேர்ந்து சாகும், அப்புறம் பிராணி இலை இருந்தும் பட்டினிதான். ஆஸ்திரேலியாவின் சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டிம்ஸ் குழு பல வருடம் உழைத்துக் கொண்டுவந்தது ஒரே டோஸ் ஊசி. அது தொற்றை முழுசாகத் தடுக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, காட்டுக் கோலாக்களில் இந்த நோயால் வரும் சாவு குறைந்தபட்சம் 65 சதவீதம் குறைகிறது என்கிறார்கள். அழியும் நிலையில் இருக்கும் பிராணிக்கு அது போதும். நோய் தெரியாமலே பல வருடம் இருந்து கருக்குழாய் அடைபடும் பெண்ணுக்கு "சாவு குறையும்" என்று ஊசி விற்க முடியுமா?

ஆட்டுக்கும் எப்போதோ வந்துவிட்டது, கிளமிடியாவால் வரும் கருச்சிதைவைத் தடுக்க, பலவீனப்படுத்திய உயிருள்ள கிருமி. தடுப்பூசிக் கிருமியே சில ஆடுகளில் கருச்சிதைவு செய்ததாகப் பின்னால் தெரிந்தது. மனிதனுக்கு அந்த வழியைத் தொட யாரும் துணிய மாட்டார்கள்.

பழைய பேப்பர்:
பயத்துக்கு வரலாறும் உண்டு. 1960களில், இதே டிரக்கோமாட்டிஸ் கிருமியால் கண்ணைத் தாக்கும் டிரக்கோமா நோய்க்கு முழுக் கிருமித் தடுப்பூசியை மனிதரிடமே சோதித்தார்கள். பாதுகாப்பு கொஞ்ச நாள்தான் நின்றது, சில சோதனைகளில் போட்டுக்கொண்டவர்களுக்கு நோய் கூடிவிட்டது போலவும் தெரிந்தது. 2015இல் ஹார்வர்டு ஆட்கள் புற ஊதாக் கதிரில் கொன்ற கிருமியை எலிக்குக் கொடுத்தபோது அதேதான்: போடாத எலியைவிடப் போட்ட எலியில் பிறகு கிருமி அதிகம், ஏனென்றால் அடக்கி வைக்கும் வகை டி செல்கள் தூண்டப்பட்டிருந்தன. அதே செத்த கிருமியை நானோ துகளோடு ஒட்டி மூக்கு வழியாகக் கொடுத்ததும் கர்ப்பப்பையிலேயே தங்கிக் காவல் இருக்கும் டி செல்கள் உருவாகிக் காப்பாற்றின. எலியை இவ்வளவு திட்டுகிறோம், இந்த விஷயத்தை வேறு எதில் இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்க முடியும்?

மனிதனுக்கு ஒன்றுமே இல்லை என்பதும் சரியில்லை. டென்மார்க்கின் சிடிஎச்522 தடுப்பூசியை லண்டனில் 35 பெண்களிடம் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள், தடுப்பூசி போட்ட எல்லாருக்கும் ஆன்டிபாடி வந்தது. தொற்றைத் தடுக்குமா என்பது அந்தச் சோதனையின் கேள்வியே இல்லை. சனோஃபி மருந்து நிறுவனமும் எம்ஆர்என்ஏ வழியில் இறங்கியிருக்கிறது.

நுண்ணுயிரியல் மாணவி:
மிக்க நன்றி, பாதி செமினார் இங்கேயே முடிந்துவிட்டது. எலி இல்லாமல் வேறு எதைக் காட்டலாம்?

ஆய்வகப் பூனை:
பிக்டெயில் குரங்குக்கு நம்மைப் போலவே மாதவிடாய் உண்டு, ஆனால் செலவு தாங்காது. பன்றி நல்ல தேர்வு, அதன் சொந்தக் கிருமியான சுயிஸ், நம் டிரக்கோமாட்டிஸுக்கு நெருங்கிய உறவு, அதே காரணத்தால் பண்ணைப் பன்றிக்கு முன்பே எதிர்ப்புச் சக்தி இருந்து முடிவைக் குழப்பும். கினிப்பன்றியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதன் கேவியே கிருமி ஆணிடமிருந்து பெண்ணுக்கு இணைசேரும்போதே தொற்றுகிறது, எலிக்குக் குழாயில் விட வேண்டியிருப்பதை அது தானாகச் செய்துகொள்கிறது.