அவசரம்: டியூஷன் தளத்துக்கு இலவச எஸ்எஸ்எல் (பாதுகாப்புச் சான்றிதழ்) கிடைக்கவே மாட்டேன் என்கிறது

தேக்கா தம்பி:
அக்கா நடத்தும் தமிழ் டியூஷன் தளத்துக்கு லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழைப் போடப் பார்க்கிறேன், காலையிலிருந்து ஒரே பிழை. 'பாதுகாப்பற்றது' என்று வருவதால் தொடக்கநிலை 4 பெற்றோர்கள் படிவம் நிரப்பத் தயங்குகிறார்கள். நாளைக்குள் வேண்டும், ப்ளீஸ்.

பொங்கோல் வாசி:
என்ன பிழை? எந்த சர்வர்? நாங்கள் என்ன ஜோசியமா பார்க்கிறோம்?

சுவர்க்காரன்:
ஃபயர்வால்தான், சந்தேகமே வேண்டாம். பாதுகாப்பான இணைப்புக்கான 443 போர்ட்டை மட்டும் திறந்து, சாதாரண இணைப்புக்கான 80-ஐ மூடியிருப்பீர்கள். தளம் உங்களுடையதுதானா என்ற லெட்ஸ் என்கிரிப்ட் சோதனை 80 வழியாகத்தான் வரும்.

தேக்கா தம்பி:
சர்வரில் உபுண்டு, தளத்தை வழங்க என்ஜின்எக்ஸ், சான்றிதழ் வாங்க செர்ட்பாட். 404 (பக்கம் இல்லை) என்றது, ஆனால் என் போனில் தளம் நன்றாகவே திறக்கிறது. திரும்பத் திரும்ப ஓட்டினேன், இப்போது தோல்வி அதிகம் என்று வேறு சொல்கிறது!!

பழைய ரூட்:
ஒரே தளப் பெயருக்கு மணிக்கு 5 தோல்விதான், அதற்கு மேல் போனால் சாத்திவிடுவார்கள். டிரை ரன் என்று ஓர் ஒத்திகை இருப்பதே இதற்காகத்தான், ஆனால் ஆவணத்தை யார் படிக்கிறார்கள். சுவர்க்காரரே, 80 மூடியிருந்தால் பதிலே வராமல் டைம் அவுட் ஆகும், 404 எங்கிருந்து வரும்? ஏதோ ஒரு சர்வர் பதில் சொல்கிறது. தம்பி, ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

அங் மோ கியோ அண்ணன்:
பெற்றோர் பணம் கட்டும் தளம் என்றால் காசு கொடுத்தே வாங்கிவிடுங்கள். பிரவுசரில் நிறுவனப் பெயரோடு வரும் பச்சைப் பட்டையைப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

பொங்கோல் வாசி:
அண்ணே, குரோம் அந்தப் பட்டையை 2019-லேயே எடுத்துவிட்டது. இலவசமோ காசோ, குறியாக்கம் ஒன்றுதான்.

அங் மோ கியோ அண்ணன்:
ஓசியில் கிடைப்பதற்கு யார் பொறுப்பு? ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது?

பழைய ரூட்:
காசு கொடுத்தவர்கள் மட்டும் யாரைக் கேட்டார்களாம்.

மழைக்கால நிரலர்:
தம்பி, ஹோஸ்டிங் மாற்றினீர்களா? தளப் பெயர் எந்த சர்வர் முகவரிக்குப் போகும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில் பழைய ஏஏஏஏ பதிவு (புதிய வகை ஐபிவி6 முகவரி) தங்கியிருக்கிறதா பாருங்கள். ஐபிவி6 முகவரி இருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் முதலில் அங்கேதான் போகும், அங்கே பழைய சர்வர் உயிரோடிருந்து 404 என்று சொல்லிவிட்டால் பழைய வகை ஐபிவி4 முகவரிப் பக்கம் திரும்பியே பார்க்காது. உங்கள் போன் ஐபிவி4-ல் போகிறதோ என்னவோ.

சுவர்க்காரன்:
எதற்கும் ஃபயர்வாலையும் ஒருமுறை பாருங்கள்.

தேக்கா தம்பி:
ஏஏஏஏ இருந்தது!! போன மாதம் ஹோஸ்டிங் மாற்றியபோது ஐபிவி4-க்கான ஏ பதிவை மட்டும் திருத்தினேன். அழித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஓட்டினேன், பிரவுசரில் பூட்டுச் சின்னம் வந்துவிட்டது. நன்றி, அக்கா கூப்பிடுகிறார்.

மழைக்கால நிரலர்:
சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும். தானாகப் புதுப்பிக்கும் டைமர் ஓடுகிறதா? நினைவூட்டல் மின்னஞ்சலை 2025-ல் நிறுத்திவிட்டார்கள்.

மழைக்கால நிரலர்:
தம்பி?