பக்கக் கண்ணாடியைக் குறைக்காமல் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 ஓடுமா?

கோத்தகிரி டிரைவர்:

வணக்கம். உதகை கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஓட்டியவன் நான். முழங்கால் வலி வந்ததும் வண்டியை மகனிடம் ஒப்படைத்துவிட்டேன். மகள் தன் பழைய லேப்டாப்பில் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இங்கிலாந்தில் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள் என்பதால் அங்கேயேதான் சுற்றுகிறேன்.

லேப்டாப்பில் இன்டெல் ஐ5-8250யு, யுஎச்டி 620 கிராபிக்ஸ், 8 ஜிபி ரேம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. நெடுஞ்சாலையில் முதலில் நன்றாகத்தான் ஓடுகிறது. ஊருக்குள் நுழைந்தாலோ மழை பிடித்தாலோ படம் விட்டு விட்டு வருகிறது. கொஞ்ச நேரம் போனால் நெடுஞ்சாலையிலும் அதே கதை.

யாரைக் கேட்டாலும் கண்ணாடிகளின் தரத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். எனக்கு அது ஒத்துவராது. டிரெய்லரின் பின்சக்கரம் திருப்பத்தில் எங்கே வெட்டுகிறது, பின்னால் வருகிறவன் எத்தனை நெருக்கத்தில் இருக்கிறான் என்பதெல்லாம் கண்ணாடியில்தான் தெரியும். குன்னூர் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் என்னைக் காப்பாற்றியது அதுதான். வேறு எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கிறேன். எதைக் குறைக்கலாம்?

குன்னூர் மாணவன்:

ஐயா, கண்ணாடியைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணாடிக்காகவும் சாலை, மரம், வண்டி எல்லாவற்றையும் லேப்டாப் இன்னொரு முறை வரைய வேண்டும். எஃப்2 அழுத்தினால் திரையின் மூலையில் தனிக் கண்ணாடிகள் வருமே, அவற்றை மட்டும் அணைத்துவிட்டு, கேபினில் இருப்பவற்றை வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டின் செட்டிங்ஸில் மழை வாய்ப்பைக் குறைக்கவும் வசதி உண்டு.

உதகை லேப்டாப் சர்வீஸ்:

ஐயா, கண்ணாடி இருக்கட்டும். மற்றதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி. லேப்டாப்பைக் கம்பளியின் மேலோ மெத்தையின் மேலோ வைத்து ஓட்டுகிறீர்களா? முதலில் சரியாக ஓடிப் பிறகு தடுமாறுவது பெரும்பாலும் சூட்டின் அறிகுறி. குளிர் ஊரில் லேப்டாப் சூடேறாது என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். கடைக்கு வரும் லேப்டாப்பைத் திறந்தால் ஃபேனில் கம்பளி நூலும் தூசியும் பந்தாகச் சுருண்டிருக்கும். உதகை உயரத்தில் காற்றின் அடர்த்தியும் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் ஃபேன் சுழன்றாலும் வெளியேறும் சூடு குறையும். மரப்பலகை மேல் வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். ஃபேனைச் சுத்தம் செய்து, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்டை மாற்றுவதும் நல்லது.

அடுத்தது ரேம். உங்கள் கிராபிக்ஸுக்கு என்று சொந்த நினைவகம் இல்லை. பிராசஸர் பயன்படுத்தும் ரேமையே அதுவும் பங்கு போட்டுக்கொள்கிறது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கத்தைத் திறந்து, எத்தனை ஸ்லாட் (ரேம் பொருத்தும் இடம்) பயன்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டில் ஒன்று என்று காட்டினால் மகிழ்ச்சியான செய்தி, இன்னொரு ரேம் போட இடம் இருக்கிறது. டிடிஆர்4-2400 வகை ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு அதிகபட்சம் 19.2 ஜிபிதான் போய்வரும். இரண்டு இருந்தால் 38.4. இந்த மாதிரி கிராபிக்ஸுக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் எனக்குத் தெரியாது.

செட்டிங்ஸில் ரெசல்யூஷனை (திரையில் வரையும் புள்ளிகளின் அளவு) 1920×1080-லிருந்து 1600×900-க்கு இறக்குங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் 30 விழுக்காடு குறைந்துவிடும். 1280×720 வரை இறங்கினால் இன்னும் இலகுவாக ஓடும், ஆனால் டேஷ்போர்டு எழுத்து கலங்கும், உங்கள் கண்ணாடியும் மங்கும். நிழல், பிரதிபலிப்பு, புல்லின் அடர்த்தி மூன்றையும் அடிமட்டத்துக்குக் கொண்டுபோங்கள். படத்தைத் திரையைவிடப் பெரிதாக வரைந்து சுருக்கும் ஸ்கேலிங் 100 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கண்ணாடி நடுத்தரத்தில் இருக்கட்டும்.

பிரேமை, அதாவது நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கையை, 30-ல் கட்டிப்போடுவதையும் பரிந்துரைக்கிறேன். ரிவாட்யூனர் என்ற இலவச மென்பொருளில் அதற்கு வசதி இருக்கிறது. உங்கள் பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே சில்லில் 15 வாட் அளவிலான மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. 45-க்கு ஏறி 18-க்கு விழுவதைவிட ஒரே சீராக 30 வருவது கண்ணுக்கு இதம், சூடும் குறைவு.

கோத்தகிரி டிரைவர்:

தம்பி, கம்பளி மேல்தான் இருந்தது. பலகைக்கு மாற்றி, நீங்கள் சொன்னபடி எல்லாம் வைத்தேன். ஊருக்குள் இப்போது தடுமாற்றம் இல்லை. கண்ணாடியில் டிரெய்லரின் கடைசி விளக்குவரை தெரிகிறது! இரவில் மழை பெய்தால் மட்டும் இன்னும் இழுக்கிறது. ஸ்லாட் இரண்டில் ஒன்று என்றுதான் காட்டுகிறது. ரேம் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

உதகை லேப்டாப் சர்வீஸ்:

லேப்டாப்புக்கான டிடிஆர்4, 8 ஜிபி, 2400 அல்லது அதற்கு மேல் என்று கேளுங்கள். கணினிப் பெட்டிக்கான நீள ரேம் இதில் பொருந்தாது. கடையிலேயே பொருத்தச் சொல்லி, டாஸ்க் மேனேஜரில் 16 ஜிபி என்றும் இரண்டு ஸ்லாட்டும் பயன்பாட்டில் என்றும் காட்டிய பிறகு பணம் கொடுங்கள். ஃபேனையும் அப்போதே திறந்து துடைத்துவிடச் சொல்லுங்கள்.