புதுப்பிப்பு: அப்பாவின் பங்கை விற்றுவிட்டேன்

ராணிப்பேட்டை தோல் ஷெட்டில் வேலை பார்த்த அப்பா, 2009ல் போனஸ் பணத்தில் வாங்கி வைத்துவிட்டுப் போன ஒரு கம்பெனிப் பங்கை (ஷேர்) விற்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். என் முதலீட்டில் பாதிக்கு மேல் அது ஒன்றுதான். "இன்னைக்குக் கையில பணம் இருந்தா இதையே வாங்குவீங்களா?" என்று ஒருவர் கேட்டது தூங்கவிடவில்லை. வாங்க மாட்டேன்.

திங்கட்கிழமை முக்கால்வாசியை விற்றேன். வரிக்கு அப்பா வாங்கிய தேதியே கணக்கு என்பதால் இது நீண்டகால லாபம்; 2018 ஜனவரி 31 வரை ஏறியதற்கு வரியில்லை. அதன்பின் ஏறியதில் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு மட்டும் 12.5 சதவீதம் வரி.

அம்மாவிடம் சொல்லத்தான் பயந்தேன். "அவரு வாங்கினதே உனக்காகத்தான்டா" என்றார். அழுதுவிட்டேன்.

பணம் இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகிறது; ஒரே பங்கில் இல்லாமல், சந்தைக் குறியீட்டில் உள்ள பல கம்பெனிப் பங்குகளில் பரவலாகப் போடும் ஃபண்ட் அது. மீதிக் கால்வாசியைத் தொட இன்னும் மனம் வரவில்லை.