எலும்புத் துண்டும் இரண்டாவது ரிப்போர்ட்டும்

மாட்டுங்காவில் வசிக்கும் என் அக்காவுக்கு 2016-இல் மார்பில் புற்றுக் கட்டி இருப்பது தெரிந்தபோது, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் தூண்டப்படும் வகை), ஹெர்-2 நெகட்டிவ் (செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்-2 புரதம் மிகுதியாக இல்லை) என்று ரிப்போர்ட் வந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, ஐந்து ஆண்டுகள் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை எல்லாம் முடிந்தன. அந்த ஒற்றைத் தாளை மட்டும் ஜாதகம்போல் ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்திருந்தோம்.

2023-இல் நோய் இடுப்பெலும்பில் பரவியிருப்பது தெரியவந்தது. எலும்பிலிருந்து துண்டெடுத்து மறுபடியும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், "பழைய வியாதிதானே, இன்னொரு ஊசி எதற்கு?" என்று அத்திம்பேர் கோபித்துக்கொண்டார். பல ஆண்டு மாத்திரைக்குத் தப்பிப் பிழைத்த செல்கள் முதல் கட்டியில் இருந்த அதே குணத்தோடு இருக்க வேண்டியதில்லை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகே சம்மதித்தார்.

சிக்கல் அதன்பிறகுதான் தொடங்கியது. கால்சியத்தை நீக்கினால்தான் எலும்பை மெல்லிய சீவல்களாக வெட்ட முடியும். நாங்கள் கொடுத்த ஆய்வகத்தில் அதற்கு வீரியமான அமிலத்தைப் பயன்படுத்திவிட்டார்கள். வேலை விரைவில் முடிந்தது, ஆனால் டிஎன்ஏ சிதைந்துபோனது. ஹெர்-2 இரண்டு பிளஸ் என்று இரண்டுங்கெட்டானாக வந்ததால், மரபணுவை ஒளிரும் புள்ளிகளாகக் காட்டி எண்ணும் ஃபிஷ் சோதனை தேவைப்பட்டது. அதில் 'சிக்னல் இல்லை' என்று எழுதிக் கையை விரித்துவிட்டார்கள். அக்கா மீண்டும் ஊசிக்குப் படுக்க வேண்டியதாயிற்று. இம்முறை டிஎன்ஏவைச் சிதைக்காமல் மெதுவாகக் கால்சியத்தை நீக்கும் ஈடிடிஏ கரைசலில் நாட்கணக்கில் ஊறவைத்தார்கள். ரிப்போர்ட்டோடு வந்த படத்தில் ஒவ்வொரு செல்லிலும் ஒப்பீட்டுக்கான பச்சைப் புள்ளிகள் இரண்டுதான். ஹெர்-2 மரபணுவைக் காட்டும் சிவப்புப் புள்ளிகளோ குங்குமம் சிந்தியதுபோல் கொத்துக் கொத்தாக இருந்தன. நோய் ஹெர்-2 பாசிட்டிவாக மாறியிருந்தது. ஹெர்-2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து அதன்பிறகே தொடங்கியது.

நோய் ஏன் எலும்பைத் தேடிப் போகிறது என்று கேட்டேன். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, விதை எங்கு விழுந்தாலும் ஒத்துவரும் மண்ணில்தான் முளைக்கும் என்று ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட் 1889-இலேயே எழுதியதை மருத்துவர் குறிப்பிட்டார். எலும்பைக் கரைக்கும் செல்களைப் புற்றுச் செல்கள் தூண்டிவிடுகின்றன. எலும்பு கரையும்போது அதில் பொதிந்திருக்கும் வளர்ச்சிக் காரணிகள் வெளிப்பட்டுப் புற்றுக்கே தீனியாகின்றன. இந்தச் சுழலைத் தடுக்க ஜோலெட்ரோனிக் அமில ஊசியும் போட்டார்கள். அதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னது எங்களுக்கு விசித்திரமாகப் பட்டது. இந்த ஊசியால் தாடையெலும்பு பாதிக்கப்படலாமாம்.

*

செம்பூரிலிருந்து எழுதுகிறேன், அண்ணா. என் நாத்தனாரின் மார்பகப் புற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டரோன் ஏற்பி, ஹெர்-2 ஆகிய மூன்று குறியீடுகளும் நெகட்டிவ். கட்டிக்குள் நிணநீர்ச் செல்கள் மிகுதியாகப் புகுந்திருப்பதாக ரிப்போர்ட்டில் படித்து, நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் அழுதோம். இந்த வகைப் புற்றில் அது நல்ல அறிகுறி, உடலின் எதிர்ப்புச் செல்களே உள்ளே நுழைந்திருக்கின்றன என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அன்று சாப்பிட்டோம். எலும்பில் துண்டெடுக்க நேர்ந்தால், எந்தக் கரைசலில் ஊறவைக்கிறார்கள் என்று ஆய்வகத்தில் முன்கூட்டியே கேட்கலாமா? கேட்டால் முகம் சுளிப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

*

தாராளமாகக் கேளுங்கள், அம்மா. இரண்டாவது முறை நான் கேட்டேன்; டெக்னீஷியன் முகம் சுளிக்கவில்லை, படிவத்தின் ஓரத்தில் 'ஈடிடிஏ மட்டும்' என்று சிவப்பு மையில் எழுதி வைத்துக்கொண்டார்.