மறுமடல்: சிடிடி-க்குத் தமிழில் என்ன எழுதலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

வே., செம்பூர்:

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். தாராவியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்துவது பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். பி.ஃபார்ம், டி.ஃபார்ம் முடித்துவிட்டு திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து மும்பைக்கு வேலை தேடி வந்த பிள்ளைகள். பள்ளியில் தமிழ்வழி. பாடம் தெரியும், ஆங்கிலத்தில் கேட்டால் வாய் திறப்பதில்லை. இந்த வாரப் பாடம், மருந்து ஒப்புதலுக்கு எப்படி விண்ணப்பிக்கிறார்கள் என்பது. கையேடு வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

சிக்கல் சிடிடி, அதாவது 'காமன் டெக்னிக்கல் டாக்குமென்ட்'. இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். முன்பெல்லாம் ஒரே மருந்துக்கு அமெரிக்காவுக்கு ஒரு வரிசையிலும் ஐரோப்பாவுக்கு இன்னொரு வரிசையிலும் ஜப்பானுக்கு வேறொரு வரிசையிலும் காகிதம் அடுக்கித் தர வேண்டும். உள்ளே இருக்கும் ஆய்வு என்னவோ அதே ஆய்வுதான். மருந்து விதிகளை இந்த மூன்று இடங்களுக்கும் ஒத்துப்போக வைக்க 1990-ல் தொடங்கிய ஐசிஹெச் அமைப்பு, 2000 நவம்பரில் மூவருக்கும் பொதுவான ஒரு வடிவத்தை ஒப்புக்கொண்டது. 2003 ஜூலையிலிருந்து ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அது கட்டாயம். அதில் ஐந்து மாட்யூல். முதலாவதில் அந்தந்த நாட்டுப் படிவங்களும் லேபிளும், இரண்டாவதில் சுருக்கங்கள், மூன்றாவதில் மருந்தின் தரம், நான்காவதில் மனிதர்களுக்குக் கொடுக்கும் முன் செய்த ஆய்வுகள், ஐந்தாவதில் மனிதர்களிடம் செய்த ஆய்வுகள்.

'பொதுத் தொழில்நுட்ப ஆவணம்' என்று எழுதிவைத்திருக்கிறேன். வகுப்பில் ஒரு பெண் பார்த்துவிட்டு, "அக்கா, இது மெஷின் பத்தியா?" என்று கேட்டாள். வேறு சொல் கொடுங்கள்.

இரா., பெங்களூரு:

அக்கா, திட்டக்கூடாது. சிடிடி என்றே விட்டுவிடுங்கள். நேர்காணலில் 'மாட்யூல் த்ரீ எழுதியிருக்கிறாயா' என்றுதான் கேட்பார்கள். எனக்கு இதன் மின்வடிவத்தோடுதான் தினமும் மல்லுக்கட்டு. எம்1 முதல் எம்5 வரை கோப்புறைகள், எல்லாம் சின்ன எழுத்தில். உச்சியில் எல்லாவற்றையும் பட்டியலிடும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. ஒவ்வொரு பிடிஎஃப்புக்கும் 32 எழுத்தில் ஒரு சரிபார்ப்புக் குறி. ஒரு புள்ளி மாறினாலும் குறி மாறிவிடும், விண்ணப்பத்தை வாங்கும் தளம் திருப்பி அனுப்பிவிடும். இதில் எந்த இடத்திலும் தமிழ் ஏறாது.

வே., செம்பூர்:

தம்பி, நேர்காணலுக்கு அந்தப் பெயர்தான். அதுவும் கையேட்டில் இருக்கும். எனக்கு வேண்டியது, ஒரு பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து "இது எதற்கு?" என்று யோசிக்கும்போது கைக்குச் சிக்குகிற சொல்.

புலவர், மாதுங்கா:

முதலில் 'தொழில்நுட்பம்' வேண்டாம். 'டெக்னிக்கல்' என்ற இடத்திலெல்லாம் தொழிலைக் கொண்டுவந்து போடுவது ஐம்பது வருடமாக நம்மைப் பிடித்த வியாதி. 'நுட்பம்' போதும்.

ஆவணம் நல்ல சொல். அகநானூறு 77-ல் ஆவண மாக்கள் வருகிறார்கள். கயிறு கட்டிய குடத்தில் இருக்கும் ஓலையை எடுக்க, மேலே இட்ட பொறியை, அதாவது முத்திரையைப் பார்த்துச் சரியென்று கண்ட பிறகே அதை உடைக்கிறார்கள். பெங்களூருத் தம்பி சொல்லும் சரிபார்ப்புக் குறி இதுதானே? அந்த உவமை எதற்கு வருகிறதென்றால், போர்க்களத்தில் விழுந்தவனின் குடலை எருவை என்னும் கழுகு இழுப்பதற்கு. மருந்துக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் இது இன்னும் பொருத்தம் என்பார்கள்.

ஆனால் அதே அகநானூற்றில் 122-ஆம் பாட்டில் ஆவணம் என்றால் கடைத்தெரு. ஊர் தூங்கினாலும் தாய் தூங்கமாட்டாள் என்று தலைவி புலம்பும் பாட்டு. கடைத்தெரு எப்படிப் பத்திரமானது என்று யோசித்தால்...

நா., டோம்பிவிலி:

யோசிக்க வேண்டியதில்லை ஐயா. வாங்கி விற்கும் இடம் ஆவணம், வாங்கி விற்றதற்கு எழுதிய ஓலையும் ஆவணம். இடத்தின் பெயர் பொருளுக்கு ஆகிவந்தது. இதை வடமொழி ஆபணத்திலிருந்து கொண்டுவருபவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

என் சண்டை வேறு. எல்லோரும் 'விண்ணப்பம்', 'விண்ணப்பம்' என்று எழுதுகிறீர்கள். அது விஞ்ஞாபனத்தின் திரிபு. கையேட்டில் 'வேண்டுகை' என்று போடுங்கள்.

புலவர், மாதுங்கா:

நம்மாழ்வார் திருவிருத்தத்தின் முதல் பாட்டிலேயே பெருமாளிடம் விண்ணப்பம் செய்கிறார். ஆயிரம் வருடத்துக்கு மேல் தமிழில் குடியிருக்கும் சொல்லுக்கு ரேஷன் கார்டு கேட்கிறீர்களே.

ம., முலுண்ட்:

நான் ஓய்வு பெற்றவன், இலக்கியம் தெரியாது. ஆனால் காகிதக் காலத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பியவன். மூலப் படிக்கு நீல அட்டை, வேதியியல் பகுதிக்குச் சிவப்பு, விலங்காய்வுக்கு மஞ்சள் என்று அட்டைக்கு அட்டை நிறம் உண்டு. எல்லாவற்றிலும் பக்க எண் போட்டுப் பெட்டி பெட்டியாகக் கட்டுவோம். பக்க எண் ஒன்று தவறினால் அந்தத் தொகுதி முழுக்க மறுபடி நகல். அப்போது அலுவலகத்தில் நாங்கள் பேசிய சொல் 'டோசியர்'. பிரெஞ்சில் அதற்கு மூலம் முதுகு என்ற சொல்; கட்டின் முதுகில் பெயர்ச்சீட்டு ஒட்டுவதால் வந்ததாம்.

நம் ஊர் வக்கீல் ஆபீசில் 'கேஸ் கட்டு' என்பார்கள், குமாஸ்தா கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவாரே, அது. அதையே எடுத்தால் என்ன? மருந்துக் கட்டு.

இரா., பெங்களூரு:

அண்ணே, மருந்துக் கட்டு என்றால் பைக்கிலிருந்து விழுந்தவன் முழங்கால்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

ம., முலுண்ட்:

சரி, அப்போ விண்ணப்பக் கட்டு. நா. மன்னிக்க.

சிரித்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன். கட்டு வேறு, கட்டும் முறை வேறு. டோசியர் என்பது கட்டு. சிடிடி என்பது எதற்கடுத்து எது வர வேண்டும் என்ற ஒழுங்கு. பெயரில் 'டாக்குமென்ட்' என்று வைத்தது வைத்தவர்கள் செய்த குழப்பம். நாம் அதைத் தமிழில் 'ஆவணம்' என்று போட்டால் குழப்பத்தையும் சேர்த்துத்தான் மொழிபெயர்க்கிறோம். பிள்ளை ஏதோ ஒரு காகிதம் என்று நினைக்கும். 3.2.எஸ் என்றால் மருந்துப் பொருள், 3.2.பி என்றால் அதிலிருந்து செய்த மாத்திரையோ ஊசியோ. இந்த எண்களை டோக்கியோவில் இருப்பவரும் டெல்லி கோட்லா சாலையில் மத்திய மருந்துத் தர அலுவலகத்தில் இருப்பவரும் ஒரே இடத்தில் தேடுவார்கள். இந்த ஒழுங்குக்குத்தான் பெயர் வேண்டும்.

இன்னொன்று. 'பொது' என்பது இரண்டு முதல் ஐந்து வரைக்கும்தான். முதல் மாட்யூல் நாட்டுக்கு நாடு வேறு. நம் நாட்டில் 2019 விதிகளின்படி, புது மருந்தை இறக்குமதி செய்ய சிடி-18 படிவம், இங்கேயே செய்து விற்க சிடி-21. இதெல்லாம் முதலாவதில் போய் உட்காரும்.

வே., செம்பூர்:

அண்ணன் சொன்னதுதான் நான் தேடியது. விண்ணப்பக் கட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒழுங்குக்குச் சொல்?

புலவர், மாதுங்கா:

இருக்கிறது. தொல்காப்பிய மரபியலில், முதல்நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூலின் வகைகள் நான்கு: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. நீங்கள் சொன்ன இரண்டாம் மாட்யூல் சுருக்கம், அதாவது தொகை. மூன்று, நான்கு, ஐந்து விரி. முழுவதும் சேர்ந்து தொகைவிரி! இரண்டாயிரம் வருடமாக இந்தச் சொல் இந்த மருந்துக்குத்தான் காத்திருந்தது.

நா., டோம்பிவிலி:

அருமை ஐயா. முழு மனதோடு வழிமொழிகிறேன்.

இரா., பெங்களூரு:

அருமைதான். பக்கத்து வீட்டுக்காரரிடம் 'தொகைவிரி' சொல்லிப் பார்த்தேன். ஜிஎஸ்டி கட்டும் ஏதோ வரியா என்று கேட்டார்.

நா., டோம்பிவிலி:

விரி வேறு, வரி வேறு. பக்கத்து வீட்டுக்காரருக்காகத் தொல்காப்பியரைத் திருத்த முடியாது. இப்படித்தான் எளிமை எளிமை என்று ஒவ்வொரு சொல்லையும் கழுவில் ஏற்றினோம். 'பேருந்து' வந்தபோதும் சிரித்தார்கள். இன்று எழுத்தில் யார் சிரிக்கிறார்கள்?

மேலும், 'பொது' என்பதற்கும் 'பொதி' என்பதற்கும் உறவு உண்டு என்பது என் கருத்து. பட்டினப்பாலையில் வரும் 'கந்துடைப் பொதியில்' என்பது ஊர் கூடும் மன்று. பொதி என்றால் மூட்டையும்கூட. ஆக, விண்ணப்பக் கட்டு என்ற வடமொழிக் கலப்புக்குப் பதிலாக...

மட்டுறுத்துநர்:

பொதி பற்றித் தனி இழை திறந்துவிட்டேன். அங்கே போய் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் சுமக்கலாம். இங்கே அச்சகம் காத்திருக்கிறது.

க., தாராவி:

வணக்கம். நான் வே. அக்கா வகுப்பு. முதல் தடவை எழுதுகிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள். பாடத்தில் இதை ஒரு கூம்பு படமாகக் காட்டினார்கள். உச்சியில் முதல் மாட்யூல், அடியில் அகலமாக மூன்று, நான்கு, ஐந்து. எங்கள் ஆச்சி வீட்டில் மூலையில் அடுக்குப்பானை இருக்கும். அடியில் பெரிய பானையில் நெல்லு, மேலே போகப் போகச் சின்னது, எதில் என்ன என்று ஆச்சிக்கு இருட்டிலும் தெரியும். அதனால் 'அடுக்கு' என்று சொல்லலாமா?

ம., முலுண்ட்:

தாயே, இவ்வளவு நாள் எங்கே இருந்தாய்? பொது அடுக்கு. மின்வடிவத்துக்கு மின்னடுக்கு.

இரா., பெங்களூரு:

கணினிக்காரர்கள் 'லேயர்', 'ஸ்டாக்' இரண்டுக்குமே அடுக்கு என்று எழுதுகிறார்கள். மின்னடுக்கு என்றால் எவனாவது மென்பொருள் என்று நினைப்பான். தவிர, மின்வடிவில் விஷயம் அடுக்குவதோடு முடிவதில்லை. முதல் சமர்ப்பிப்பு 0000, அடுத்தது 0001 என்று வரிசை எண் ஏறும். ஒவ்வொரு கோப்புக்கும் புதிதா, பழையதை மாற்றுகிறதா, அதோடு சேருகிறதா, நீக்குகிறதா என்று குறிக்க வேண்டும். பத்து வருடம் கழித்தும் அந்த மருந்தின் வரலாறு அதில் ஓடிக்கொண்டிருக்கும். அடுக்கு என்றால் அசையாமல் நிற்பதுபோல் இருக்கிறது.

ஆனால் 'தொகைவிரி'க்கும் இதற்கும் நடுவில் நிறுத்தினால், கை தூக்குவது இதற்குத்தான்.

புலவர், மாதுங்கா:

இலக்கணத்தில் அடுக்கு என்றால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது: பாம்பு பாம்பு, தீ தீ. ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் எழுதச் சொல்வார்கள் என்று ம. முன்பு அலுத்துக்கொண்டது நினைவிருக்கிறது. அந்த வகையில் பொருத்தமே.

பெண்ணே, பானைக் கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனாலும் தொகைவிரியை நான் கைவிடவில்லை.

வே., செம்பூர்:

'மாட்யூல்' மிச்சம் இருக்கிறது. 'பகுதி' என்று எழுதியிருந்தேன். ஆனால் ஆசியான் நாடுகளுக்கு என்று தனி வடிவம் ஒன்று உண்டு. அதில் நான்கு 'பார்ட்'. சுருக்கங்கள் தனியாக நிற்காமல் அந்தந்தப் பார்ட்டுக்குள்ளேயே வரும். வியட்நாமுக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை கிடைத்தால் பிள்ளைகள் அதைத்தான் தொட வேண்டும். பகுதி என்ற சொல்லை அதற்கு விட்டுவிட வேண்டும். மாட்யூலுக்குக் 'கூறு' போடட்டுமா?

நா., டோம்பிவிலி:

கூறு சரி. தூய தமிழ். இந்த இழையில் நான் ஒப்புக்கொள்ளும் முதல் சொல்.

ம., முலுண்ட்:

மீன் சந்தையிலும் கூறு போட்டுத்தான் விற்கிறார்கள், ஆவணம் கடைத்தெரு என்றது சரியாய்ப் போச்சு. போடுங்கள்.

அப்புறம், மத்திய அலுவலகத்தின் இணையதளத்தின் பெயர் 'சுகம்'. இந்தியில் 'எளிது' என்று பொருள். பிள்ளைகள் 'சுகமா இருக்கீங்களா'வில் வரும் சுகம் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு வரி விளக்கம் சேருங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அதில் கோப்பு ஏற்றியவர்களுக்கு இரண்டு பொருளுமே சந்தேகம்தான்.

வே., செம்பூர்:

வெள்ளி மதியம் ஆகிவிட்டது. கையேட்டில் இப்படிப் போகிறது: "மருந்து ஒப்புதலுக்குத் தரும் காகிதங்கள் மொத்தமும் விண்ணப்பக் கட்டு. அதைப் பல நாடுகளும் ஏற்கும்படி ஐந்து கூறுகளாக வைக்கும் ஒழுங்கு பொது அடுக்கு. வேலையிடத்தில் இதைச் சிடிடி என்பார்கள். இதன் மின்வடிவம் மின்னடுக்கு." இரண்டாம் கூறுக்கு 'தொகை', மூன்று, நான்கு, ஐந்தாம் கூறுகளுக்கு 'விரி' என்று அடைமொழி சேர்த்திருக்கிறேன். புலவர் ஐயாவுக்காக இல்லை, நிஜமாகவே அது பாடத்தை விளக்குகிறது.

க., தாராவி:

நன்றி அக்கா. நேர்காணலில் அடுக்கு என்று வாய் தவறி வந்துவிட்டால்?

இரா., பெங்களூரு:

வந்தால் சிரித்துக்கொண்டே 3.2.எஸ்-இல் என்னென்ன இருக்கும் என்று வரிசையாகச் சொல்லு. பெயரை யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள்.

நா., டோம்பிவிலி:

அச்சுக்குப் போனது போகட்டும். 'விண்ணப்பக் கட்டு' என்ற சொல்லுக்கு என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். 'பொதி' இழையில் காரணங்களை விரிவாக எழுதியிருக்கிறேன், இதுவரை ஒருவரும் பதில் போடவில்லை. அடுத்த வாரம் டிஎம்எஃப், அதாவது 'டிரக் மாஸ்டர் ஃபைல்' பாடமாமே. மூலப்பொருள் செய்பவர் தன் தொழில் ரகசியத்தை வாங்குபவருக்குக் காட்டாமல் நேராக அரசு அலுவலகத்தில் கொடுத்துவைக்கும் கோப்பு என்று ம. சொன்னார். அதில் வரும் 'மாஸ்டர்' என்பதைத் 'தலைமை' என்று யாரும் மொழிபெயர்க்க வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.