ராட் கேர்யூ பேட்: ட்வின்ஸா, ஏஞ்சல்ஸா?

மினியாபொலிஸில் 3 மாதம் முன்பு ஒரு பழைய பேஸ்பால் பேட் வாங்கினேன். லூயிவில் ஸ்லக்கர் என்ற பிராண்டு, அமெரிக்க பேஸ்பால் வீரர் ராட் கேர்யூவின் கையெழுத்து முத்திரை. மினசோட்டா ட்வின்ஸ் அணியில் அவர் .388 அடிச் சராசரி எடுத்த 1977-இல் ஆடிய மட்டை என்றார் விற்றவர். கடிதம், ரசீது எதுவும் இல்லை.

நடு முத்திரையில் 'ஹில்லரிச் அண்ட் பிராட்ஸ்பி' என்று தயாரிப்பு நிறுவனத்தின் பழைய முத்திரை இருக்கிறது. அதனால் 1980-க்கு முந்தையது. பிடியின் நுனிக் குமிழில் கடைச் சரக்குக்குரிய நீள எண் இல்லை, மார்க்கரில் கேர்யூவின் சட்டை எண்ணான 29 மட்டும். பிடியில் விரிசல், தார்ப் பிசின் கறை.

1977 படங்களோடு மர ரேகையை ஒப்பிட்டேன், தெளிவில்லை. சான்றளிப்பவர்கள் நேரில் அனுப்பச் சொல்கிறார்கள்; விரிசலோடு அனுப்ப மனம் வரவில்லை.

1979-இல் கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்குப் போனபோதும் அவர் எண் 29தானே! இது எந்த அணிக்காலத்து மட்டை என்று எந்த அடையாளத்தை வைத்துப் பிரிப்பது?